நாலு மணிக் கட்டம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் அத்தானும் சௌக்கியம். வார்டில் முப்பத்திரண்டு பேருக்குச் சௌக்கியமில்லை. அதனால் எனக்கு வேலை இருக்கிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி? பதவி உயர்ந்ததும் அதுவும் கூடவே ஏறியிருக்கும். உப்பைக் குறை.

செவிலியர் தேவைக் கணக்கீட்டுப் பிரிவுக்குத் துணை அதிகாரி! அத்தான் உன் கடிதத்தை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். "நர்ஸே இல்லாத கட்டடத்துல உக்காந்து நர்ஸை எண்ணப் போறான் உன் தம்பி" என்றார். பாதி கிண்டல், பாதி பெருமை. எனக்கு முழுக்கப் பெருமைதான்.

உங்கள் அலுவலகம் போன அக்டோபரில் அனுப்பிய திருப்புத் தாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். தானாகப் புரள முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் இடுப்பிலும் முதுகிலும் புண் வரும். நீங்கள் தாள் அச்சடிக்கும் முன்பே இது எங்களுக்குத் தெரியும். இப்போது காலை ஏழு முதல் மாலை ஏழு வரையான ஷிப்டுக்கு ஆறு கட்டம் போட்டிருக்கிறீர்கள்: எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. திருப்பிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு டூட்டியில் இருந்த பெண்ணுக்கு மெமோ.

என் வார்டில் அப்படிப்பட்டவர்கள் எப்போதும் ஒன்பது பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். துடைத்து, விரிப்பை இழுத்துச் சரிசெய்ய ஆறு நிமிடம். பகலில் என்னையும் சேர்த்து நாலு நர்ஸ், அதாவது இரண்டு ஜோடி. ஓடினால் முடியும். ஆனால் ஓடுகிறவளால் எழுத முடியாது. அதனால் பார்வையாளர் நேரம் தொடங்குமுன், மூன்றே முக்காலுக்கு உட்கார்ந்து, நாலு மணிவரைக்குமான கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பிவிடுவோம். ஆறு மணிக் கட்டத்தை மட்டும் அவர்கள் போன பிறகு. அந்த அளவுக்கு நேர்மை.

சில நாள் ஒருத்தி லீவில் போவாள். அன்றைக்குப் பத்து மணிச் சுற்று பன்னிரண்டுக்குப் போகும். இரண்டு மணிச் சுற்று போகவே போகாது. தாளில் மட்டும் எல்லாச் சுற்றும் போகும். பிள்ளைகளுக்கு மெமோ வாங்கிக் கொடுக்க மனமில்லாமல் அந்த நாட்களில் நானே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். இதை அக்காவாகச் சொல்கிறேன், தலைமை நர்ஸாக இல்லை. படித்துவிட்டு மறந்துவிடு.

உன் பெண்ணுக்கு என் முத்தம்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்கா,

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையின் கட்டுக்குள். உன் இடுப்பு வலி எப்படி? போன தடவை கொடுத்துவிட்ட தைலத்தை நீ தேய்த்துக்கொண்டாயா, யாராவது நோயாளிக்குத் தேய்த்துவிட்டாயா? அத்தானின் கிண்டலைக் கேட்டு இவள் இரண்டு நாள் சிரித்தாள். நான் ஒரு நாள் சிரித்தேன்.

உன்னிடம் ஓர் உதவி. இருபத்தாறு வார்டுகளிலிருந்து திருப்புத் தாள்களை வரவழைத்தோம். ஒன்றில் காபிக் கறை. ஒன்றில் கட்டத்துக்குள் யாரோ பெரிய டாக்டரின் படத்தை வரைந்திருக்கிறார்கள், கொம்போடு. முக்கால்வாசித் தாள் காலி. உன் வார்டுத் தாள் மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் கட்டுரை நோட்டில் நீ தலைப்பு எழுதிக் கொடுப்பாயே, அதே கையெழுத்து. மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். "இத வெச்சே ஒரு ஆய்வு பண்ணலாமேய்யா" என்றார்.

நவம்பர் முதல் மூன்று மாதத் தாள்களின் பிரதியும், அதே நாட்களின் வருகைப் பதிவும் அனுப்பி வை. எதற்கு என்று கேட்பாய். தேவைக் கணக்கீடு என்றால் தேவையைக் கணக்கிடுவதுதான். உன் வார்டுக்கு நல்லது நடக்கும் என்றே நினைக்கிறேன். நீ என் அக்கா என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாரபட்சம் என்பார்கள்.

அத்தானுக்கு வணக்கம் சொல்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். தைலத்தை அத்தான் தன் முழங்காலுக்கு எடுத்துக்கொண்டார். அவருக்கு வலி இல்லை, வாசனை பிடித்திருக்கிறதாம். உன் பெண்ணுக்கு இருமல் விட்டதா?

பிரதிகளை அனுப்பியிருக்கிறேன். கட்டாகப் பார்த்தபோது எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. எப்படி நிரப்பினோம் என்பதுதான் உனக்குத் தெரியுமே.

தேவையைக் கணக்கிடுவதாக இருந்தால் ஐந்தாவது நர்ஸ் ஒருத்தியைக் கேள். ஐந்து பேர் இருந்தால் இரண்டு ஜோடி ஓடும், ஒருத்தி ஊசியும் டிரிப்பும் பார்ப்பாள். யாரும் மூன்றே முக்காலுக்கு உட்கார்ந்து கதை எழுத வேண்டியிருக்காது. இப்போது இருக்கிறவர்களில் கடைசியாக வந்தவளைப் 'பாசஞ்சர்' என்று கூப்பிடுகிறோம். எல்லாக் கட்டிலிலும் நின்று நின்றுதான் வருவாள். முதலில் திட்டினேன். பிறகு பார்த்தால் அவள் நின்ற கட்டிலில்தான் காய்ச்சல் முதலில் தெரியவருகிறது.

போன வாரம் பதினாலாம் கட்டிலுக்கு ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர் வந்திருக்கிறார். பக்கவாதம். வலது கையும் காலும் வராது. பேச்சு மெதுவாக, தெளிவாக வருகிறது. ஆறடி ஆள். வாட்ச்காரர் என்றால்தான் திரும்பிப் பார்க்கிறார். நீண்டகாலப் பராமரிப்பு வார்டில் இடம் கிடைக்கும்வரை எங்களிடம் இருப்பார். வரிசையில் நாற்பத்து மூன்றாவது ஆள். "நாப்பத்திரண்டு பேரு குணமாகணும், இல்லாட்டிப் போய்ச் சேரணும். ரெண்டுல எதுன்னாலும் நமக்கு அவசரமில்ல சிஸ்டர்" என்கிறார்.

ஐந்தாவது நர்ஸை மறக்காதே.

அக்கா


மே 6

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நீயும் அத்தானும் நலந்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெண்ணுக்கு இருமல் விட்டு, கணக்குப் பாடம் பிடித்துக்கொண்டது. இரண்டில் இருமலே தேவலை என்கிறாள். எங்கள் கட்டடத்துக்குப் புது லிஃப்ட் வந்திருக்கிறது. மூன்றாவது மாடியில் நிற்காது. எங்கள் பிரிவு மூன்றாவது மாடியில். நாலாவதுக்குப் போய் ஒரு மாடி இறங்குகிறோம். முட்டிக்கு நல்லதென்று டாக்டர் சொன்னார்.

அறிக்கை மேலே போய்விட்டது. எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. உன் வார்டைப் பற்றி நல்லவிதமாக எழுதப்பட்டிருக்கிறது. 'எழுதப்பட்டிருக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே யாரும் எதையும் எழுதுவதில்லை, எல்லாம் எழுதப்பட்டுவிடும்.

ஐந்தாவது நர்ஸ் பற்றிக் கேட்டிருந்தாய். அதை நேரில் பேசலாம்.

இடுப்பைக் கவனித்துக்கொள். குனியும்போது முழங்காலை மடக்கிக் குனி என்று இங்கே ஒரு சுவரொட்டி இருக்கிறது. நல்ல படம்.

தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அத்தானும் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய உறை வந்தது. உள்ளே சட்டம் போட்ட ஒரு சான்றிதழ்: 'முன்மாதிரி வார்டு'. அதோடு ஒரு உத்தரவு: நாலாவது நர்ஸ் இடம் நீக்கம். ஆணியும் கூடவே அனுப்பியிருந்தார்கள். சான்றிதழை மாட்ட.

உத்தரவில் காரணம் விளக்கமாக இருக்கிறது. 'மூன்று செவிலியர் மட்டுமே பணியில் இருந்த பதினொரு நாட்களிலும் ஒரு கட்டம்கூடக் காலியாக விடப்படவில்லை. எனவே நான்காவது செவிலியரின் பணி உபரி என்பது தெளிவாகிறது.' நல்ல நடை. ஒரு சொல் வீண் இல்லை.

அந்தப் பதினொரு நாளும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நாள் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல மூச்சுத் திணறல். ஒரு நாள் லீவு போட்டவளின் குழந்தைக்கு அம்மை. ஒரு நாள் நானே உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆனால் மூன்றே முக்காலுக்கு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். பதினொரு நாள் கையெழுத்தும் என்னுடையதுதான். பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்டது.

மூன்று பேரில் எத்தனை ஜோடி என்று உங்கள் பிரிவில் யாரையாவது கேட்டுப் பார். ஒன்றரை என்பார்கள். அந்த அரை ஜோடி எந்த நோயாளியையும் திருப்பாது. ஒன்பது பேரை ஒரே ஜோடி திருப்பினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் மிச்சம் இருபத்து மூன்று பேருக்கு ஒருத்தி. அவளுக்கு முதுகில் கண் வேண்டும்.

பாசஞ்சரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கட்டடத்தில் தாள் சரிபார்க்கும் பிரிவில் போட்டிருக்கிறார்களாம். வார்டுகளிலிருந்து வரும் திருப்புத் தாள்களில் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற வேலை.

அறிக்கையின் அடியில் பிரிவின் பெயர்தான் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை. நீ அதைப் பார்த்திருப்பாய்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டேன். அந்த அறிக்கை பலர் கைபட்டது. நான் கொடுத்தது ஒன்று, வெளியே வந்தது ஒன்று என்று சொன்னால் தப்பித்துக்கொள்கிறான் என்பாய். சொல்லவில்லை.

ஒரு விஷயம், தம்பியாகச் சொல்கிறேன். இப்போது திடீரென்று கட்டங்களைக் காலியாக விடாதே. சான்றிதழ் வாங்கிய மறு மாதமே காலியாக விட்டால் ஆள் குறைத்ததற்கு எதிர்ப்பு என்பார்கள்; வேண்டுமென்றே செய்கிறாள் என்பார்கள். உனக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஜனவரியில் ஆண்டுச் சீராய்வு வரும். அப்போது பக்குவமாக எடுத்துச் சொல்லி நாலாவது இடத்தைத் திரும்பக் கேட்கலாம். நானே குறிப்பு வைக்கிறேன். அதுவரை எப்போதும் போல நடக்கட்டும்.

அத்தானின் முழங்கால் எப்படி?

தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானின் முழங்கால் நன்றாக இருக்கிறது. அதற்கு என்றைக்குமே ஒன்றும் ஆனதில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ சொன்னபடி எப்போதும் போல நடக்கிறது. கையெழுத்து மட்டும் எப்போதும் போல. வாட்ச்காரரை நாங்கள் இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தடவை திருப்புகிறோம். சில நாள் ஒரு தடவை. அவர் தோள் என் மார்பளவு அகலம். தனியாக ஒருத்தியால் ஆகாது. ஒரு நாள் நான் தனியாக முயன்று பார்த்தேன். அவர் திரும்பவில்லை, நான்தான் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டேன். "என்ன சிஸ்டர், என்னைத் திருப்ப வந்துட்டு நீங்க திரும்பிட்டீங்க" என்று சிரித்தார்.

மார்ச்சில் வந்தவருக்கு மே முடியும்வரை தோல் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி இருந்தது. போன வாரம் துடைக்கும்போது இடுப்பெலும்பு மேல் சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. நேற்றுத் தோல் விட்டுவிட்டது. நாலு விரல் அகலம்.

கட்டில் கால்மாட்டில் தாள் தொங்குகிறது. அவரால் தலையைத் தூக்கி அதைப் பார்க்க முடியும். நேற்று மூன்றே முக்காலுக்கு நான் எழுதிக்கொண்டிருந்தேன். "பேப்பர்ல நான் நல்லாத் திரும்பிக்கிட்டு இருக்கேன் போலிருக்கே சிஸ்டர்" என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை. விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். நான் பேனாவை மூடினேன். பிறகு திறந்து மீதி எட்டுத் தாளையும் முடித்தேன்.

அவருக்கு ஒரே பெண். தையல் தொழிற்சாலையில் தைத்த துணியைச் சரிபார்க்கிற வேலை. தினமும் வேலை விட்டு ஐந்தே காலுக்கு ஓடி வருவாள். முகம் துடைத்துவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள். ஆறு மணிக்கு மணியடித்ததும் போய்விடுவாள். நோயாளியைப் பார்வையாளர் தூக்கவோ திருப்பவோ கூடாது என்பது விதி. அவள் விதிப்படி நடக்கிற பெண்.

ஜனவரிவரை பொறுக்கச் சொல்கிறாய். பொறுக்க வேண்டியது நான் இல்லையே, தம்பி. முடிந்தால் முன்னாலேயே குறிப்பு வை.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நாங்கள் நலம்.

வாட்ச்காரர் பன்னிரண்டாம் தேதி இறந்துவிட்டார். புண் ஆழமாகி ரத்தத்தில் சீழ் கலந்துவிட்டது. நாலு நாள் காய்ச்சல். சாவுச் சான்றிதழில் பக்கவாதம் என்று எழுதினார்கள். அதுவும் பொய்யில்லை. பக்கவாதம் வந்திராவிட்டால் எங்களிடம் வந்திருக்க மாட்டார்.

அவருடைய பெண் மறுநாள் சாமான்களை எடுத்துக்கொள்ள வந்தாள். கேஸ் ஷீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அது அவளுடைய உரிமை, கொடுத்தேன். மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு திருப்புத் தாளாக, துணி பார்க்கிற மாதிரி, விரலை ஓட்டிப் பார்த்தாள். ஜூன் முழுக்க. ஜூலை முழுக்க. பிறகு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு மணிக்கொரு தரம் விடாமப் பாத்திருக்கீங்க சிஸ்டர். சொந்தப் பிள்ளை நான்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டேன். அவரு உடம்பு வாகு அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.

முப்பத்தோரு வருட வேலையில் எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். சிலர் திட்டியும் இருக்கிறார்கள், ஒருவர் தட்டை விட்டெறிந்தார். இப்படி யாரும் அடித்ததில்லை.

"பத்திரமாப் போயிட்டு வாம்மா" என்றேன்.

அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம். அந்தப் பெரியவர் பற்றிப் படித்து மனசு கனத்துவிட்டது. நீ செய்யக்கூடியதெல்லாம் செய்தாய்.

உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன் வார்டில் மூன்று மாதத்தில் படுக்கைப் புண் ஒன்றிலிருந்து ஆறாகியிருக்கிறது. கட்டமெல்லாம் நிரம்பியிருக்கிறது, புண்ணும் வருகிறது, எப்படி என்று மேலே கேட்கிறார்கள். அடுத்த மாதத் தொடக்கத்தில் ஒரு விசாரணை அதிகாரி வருவார். பயப்படாதே. நோயாளிகளின் வயது, ஊட்டக் குறைவு, சர்க்கரை நோய் என்று சொல். பழைய மெத்தைகள் என்றும் சொல்லலாம். மெத்தைக்குக் கோபம் வராது.

உன் பிப்ரவரிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் நல்லதுக்குத்தான். வேறு யாருக்கும் அப்படி எழுதியிருந்தால் சொல்.

இடுப்பு எப்படி?

தம்பி


அக்டோபர் 8

அன்புள்ள தம்பிக்கு,

இடுப்பு இருக்கிறது. அத்தான் நலம், இரண்டு நாளாகக் கிண்டல் செய்யவில்லை, அதனால் கவலையாக இருக்கிறது.

விசாரணை அதிகாரி வருவதற்கு முதல் நாள், வாட்ச்காரர் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை. ஜன்னலோரம் அவருடைய வேலை மேசை. யாருடையதோ பிரித்துப் போட்ட கடிகாரங்கள் இன்னும் கிண்ணங்களில் இருந்தன. பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"தாள்ல இருக்கிற மாதிரி உங்கப்பாவ நாங்க திருப்பல. ஜூன்லேருந்து ரெண்டு தடவை, சில நாள் ஒரே தடவை. மத்ததெல்லாம் நான் போட்ட பொய்க் கையெழுத்து."

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதை மடிக்கவில்லை.

"அப்பா சொன்னாரு சிஸ்டர்" என்றாள். "தினமும் சொன்னாரு. 'காலையிலேருந்து ஒரே பக்கமாக் கெடக்கேன்மா'ன்னு. நான் தாளைத் தூக்கிப் பாத்துட்டு, 'சும்மா பொய் சொல்லாதீங்கப்பா, அவங்க ஓடி ஓடிப் பாக்குறாங்க, அவங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்காதீங்க'ன்னு அதட்டினேன். ரெண்டு வாரம் சொன்னாரு. அப்புறம் நிறுத்திட்டாரு. புத்தி தெளிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன். வாசல்வரை வந்து, "படி ஒண்ணு உடைஞ்சிருக்கு, பாத்து இறங்குங்க" என்றாள்.

மறுநாள் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். நாற்காலியில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார். தாள்கட்டை என் முன்னால் வைத்து, "இதெல்லாம் உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"ஆமா சார்."

"அப்ப வேலை நடந்திருக்கு."

"கையெழுத்து நடந்திருக்கு சார்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. இப்படி எழுதினா வார்டுக்கு ஆள் வராது, உங்களுக்குத்தான் ஓலை வரும்" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாக் கையெழுத்தும் என்னுடையது, பிள்ளைகள் யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். அது ஒன்றுதான் அன்றைக்குச் சொன்ன பொய். உன்னைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்கா


நவம்பர் 27

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எனக்குத் தூக்கம் சரியில்லை. அத்தான் உன்னோடு பேசுகிறாரா?

உன் ஆறு மாதத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு எங்கள் அறையில்தான் தட்டச்சானது. என் மேசையில் இல்லை, பக்கத்து மேசையில். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

நாலாவது நர்ஸ் பற்றி: உன் வாக்குமூலத்தால் உன் வார்டுத் தாள்கள் நம்பத்தகாதவை ஆகிவிட்டன. நம்பத்தகாத தாளை வைத்து இடம் கொடுக்க முடியாதாம். அதை வைத்து எடுத்த இடத்தை எடுத்தது எடுத்ததுதானாம். புதிதாக ஆறு மாதம் ஆய்வு நடத்துவார்கள். இதற்கிடையில் ஒரு சீர்திருத்தம் வருகிறது: இனி ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கும்போது உனக்குச் சிரிப்பு வரும். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அறிக்கையின் முதல் வரைவு என்னுடையது. அதில் அடிக்குறிப்பாக ஒரு வரி எழுதியிருந்தேன்: 'கட்டங்கள் பின்னர் மொத்தமாக நிரப்பப்படுவதாகத் தெரிகிறது.' மேலதிகாரி, "யாரு சொன்னா?" என்றார். எங்க அக்கா என்று சொன்னால் உனக்கு மெமோ; எனக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். இரண்டையும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று இத்தனை மாதமாக யோசித்துப் பார்க்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

உங்கள் பாசஞ்சரை லிஃப்டில் பார்த்தேன். "சார், எல்லாத் தாளும் சரியா இருக்கு சார்" என்றாள், மரியாதையாக. நாலாவதில் இறங்கிப் படிவழியே கீழே வந்தேன்.

எனக்கு முன்பே தெரியும் என்று ஒரு குறிப்பு எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். போன திங்கட்கிழமையும் அப்படித்தான் இருந்தேன்.

தம்பி


டிசம்பர் 10

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் பேசுகிறார். வீட்டிலேயே இருப்பதால் என்னைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார். படுக்குமுன் காபி குடிக்காதே, தூக்கம் வரும். உன் திங்கட்கிழமையைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை.

தற்காலிகப் பணிநீக்கம் என்றால் வார்டுக்குள் நர்ஸாகப் போகக் கூடாது. பார்வையாளர் நேரத்தில் யாரும் போகலாம். போன வாரம் நாலு மணிக்கு மற்றவர்களோடு வாசலில் வரிசையில் நின்றேன். காவலாளிக்கு என்னைப் பதினைந்து வருடமாகத் தெரியும். ஆனாலும் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, "யாரைப் பாக்கணும்?" என்றார்.

"முப்பத்திரண்டு பேரை."

"ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுதான் சிஸ்டர்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கட்டில் எண் எழுதாமல் கிழித்துக் கொடுத்தார்.

உள்ளே என் இடத்துக்கு வந்தவளையும் சேர்த்து மூன்று பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து ஒருத்தி அழப் பார்த்தாள், நேரமில்லாததால் அழவில்லை. தாள்களில் நாலு மணிவரை இரண்டிரண்டு கையெழுத்து, வரிசையாக, சுத்தமாக இருந்தது.

பதினாலாம் கட்டிலில் இப்போது வண்டி ஓட்டுகிற ஒருவர், முதுகெலும்பில் அடி. அவர் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கம் விரிப்பைக் கொஞ்சம் பிடிங்க தம்பி. நான் மூணு சொன்னதும் இழுக்கணும்" என்றேன். "நாங்க தொடலாமா?" என்றார். தொடலாம் என்றேன். அவரும் நானும் ஒரு ஜோடி. ஆறு நிமிடம். அடுத்த கட்டிலில் ஒரு மனைவி, அதற்கடுத்து ஒரு மகன். முதல் நாள் ஐந்து பேரைத் திருப்பினோம். இப்போது தினமும் போகிறேன். நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் ஒன்பது பேரும் திரும்புகிறார்கள். பிள்ளைகள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்கள். பார்வையாளர் திருப்பினால் எழுதத் தாளில் கட்டம் இல்லை. அதனால் இது நடக்கவில்லை.

நீ எதை முதலில் நினைத்தாய் என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். எனக்கும் ஒன்று இருக்கிறது. ஜூனிலும் ஜூலையிலும் அந்தப் பெண் தினமும் முக்கால் மணி நேரம் பதினாலாம் கட்டிலருகே நின்றாள். தெம்பான பெண். எதிர்ப்பக்கம் போய், "விரிப்பைக் கொஞ்சம் பிடிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விதியைக் காரணம் சொல்லலாம். எத்தனை விதியை மீறியிருக்கிறேன். சொல்லாததற்குக் காரணம் வேறு. தாளில் நாலு மணிக்குத் திருப்பியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். ஐந்தே காலுக்கு எந்த முகத்தோடு கேட்பது?

உன் பெண்ணுக்குக் கணக்கு வருகிறதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா